கட்டினால் பிரிக்கத் தெரியணும்

தமிழில் நாம் பூ கட்டுகிறோம், வேட்டி கட்டுகிறோம், பந்தல் கட்டுகிறோம், கூரை கட்டுகிறோம், வீடும் கட்டுகிறோம். நாரும் கயிறும் வைத்துச் செய்கிற வேலைக்கும் செங்கல்லும் சிமென்ட்டும் வைத்துச் செய்கிற வேலைக்கும் நம்மிடம் ஒரே வினைச்சொல்தான். ஆனால் எதிர்ச்சொல் ஒன்றாக இல்லை. வேட்டியை அவிழ்க்கலாம். பந்தலையும் கூரையையும் பிரிக்கலாம். இன்றைய வீட்டை மட்டும் இடிக்கத்தான் வேண்டும்.

இந்த வித்தியாசம் எனக்கு உறைத்தது ஒரு குழியால். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தின் நடுவில் இருக்கும் தறிக்குழி.

காஞ்சிப் பட்டு பரம்பரையாகக் குழித்தறியில் நெய்யப்படுவது. நெசவாளர் தரையை ஒட்டிப் போட்ட பலகையில் உட்கார்ந்து, இரண்டு கால்களையும் குழிக்குள் விட்டு, மிதிக்கட்டையை மாற்றி மாற்றி மிதிப்பார். பாவு தரைக்குக் கொஞ்சம் மேலே ஓடும். குழி மண்ணின் ஈரம் பட்டு இழையை வறண்டு அறுந்துபோகாமல் பார்த்துக்கொள்ளும். அதே ஈரம்தான் ஐப்பசி, கார்த்திகையில் எதிரியாக மாறும். மழை வலுத்தால் குழியில் தண்ணீர் ஊறும். தறி நிற்கும், கூடவே கூலியும் நிற்கும். 2015 நவம்பர், டிசம்பர் மழையில் ஊரில் எத்தனையோ வீடுகளில் தறிக்குழி கிணறு மாதிரி நிறைந்து நின்றது. எங்கள் வீட்டிலும்தான்.

அப்பா முழங்கால் தேய்ந்து நெசவை விட்டு மூன்று வருடம் ஆகிறது. அதற்குப் பிறகும் தறி இரண்டு வருடம் அப்படியே நின்றது. கடைசியில் ஐயம்பேட்டையிலிருந்து ஒருவர் வாங்கிக்கொள்ள வந்தார். ரம்பம், சுத்தியல், தூசி, சத்தம் எதுவும் இல்லை. அப்பாவும் அவரும் குழிக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார்கள். படமரம் தனியாக வந்தது, அச்சு தனியாக வந்தது, விழுது, மிதிக்கட்டை எல்லாம் தனித்தனியாக வந்தன. மேலே இருந்த ஜக்கார்டு பெட்டிக்கு மட்டும் ஸ்பேனர் தேவைப்பட்டது. மதியச் சாப்பாட்டுக்குள் தறி முழுசும் ஒரு மினி வேனில் ஏறிவிட்டது. நாலு நாள் கழித்து அது ஐயம்பேட்டையில் வேறொரு குழிமேல் நின்றது. என் அலுவலகத்தில் யாராவது ஒரு பழைய மென்பொருளை இப்படி எதையும் உடைக்காமல் கழற்றி இன்னோர் இடத்தில் ஓடவைத்தால், பாராட்டு மெயில்கள் ஒரு வாரத்துக்கு வரும்.

இந்தக் கலை ஊருக்கே தெரியும். தேர் என்று நாம் பார்ப்பதில் மரச்சிற்பங்கள் உள்ள அடிப்பாகம்தான் நிரந்தரம். அதற்கு மேலே உயர்ந்து நிற்பதெல்லாம் திருவிழாவுக்குத் திருவிழா கழிகளைக் கயிற்றால் பிணைத்து, துணி போர்த்திக் கட்டுவது. முடிந்ததும் பிரித்து வைத்துவிடுவார்கள். 2019-இல் ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை, 48 நாள் அத்திவரதர் வெளியே இருந்தபோது, வரதராஜப் பெருமாள் கோயிலைச் சுற்றிப் பந்தலும் தடுப்புமாக ஒரு தற்காலிக ஊரே எழுந்தது. அவர் அனந்தசரஸ் குளத்துக்குள் திரும்பியதும் அந்த ஊரும் கலைந்துவிட்டது. நாற்பது வருடம் கழித்து மறுபடியும் கட்டிக்கொள்வார்கள். அதற்காக யாரும் கழிகளை நட்டபடியே விட்டுவிடவில்லை.

'வார இறுதியில் நீங்களே செய்யலாம்' என்று வரும் வீடியோக்களை விடாமல் பார்க்கிற ஆள் நான். பழைய மரப்பெட்டியில் புதினா, டயரில் ஊஞ்சல், கயிறு சுற்றிய பாட்டிலில் மணி பிளான்ட், சிமென்ட்டில் வார்த்து மரம் மாதிரி பெயின்ட் அடித்த பெஞ்சு. தலைப்பில் 'கிராமத்து ஸ்டைல்' என்று போட்டிருக்கும். அதில் எனக்குக் கிண்டல் எதுவும் இல்லை. நாளெல்லாம் திரையில் எழுத்தை நகர்த்துகிறவனுக்குச் சாயங்காலம் கையில் மண் படணும் என்று இருக்கும். அது நியாயமான ஆசை. ஆனால் இந்த வீடியோக்கள் கிராமத்திடம் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் அதன் நிறத்தையும் சொரசொரப்பையும்தான். ஒரு பொருள் நாளைக்கு எப்படிப் பிரியும் என்ற யோசனையை எடுத்துக்கொள்வதில்லை. அந்தப் பாட்டிலில் கயிறு நிற்பது முடிச்சில் இல்லை, பசையில். அலுத்துப்போனால் பாட்டிலும் உதவாது, கயிறும் உதவாது.

தறி போனதும் எங்களுக்குக் கிடைத்தது கூடத்தின் நடுவில் ஒரு பள்ளம். அதை என்ன செய்வது?

மேஸ்திரி வந்து பார்த்தார். "இடிச்ச கட்டடக் குப்பையப் போட்டு ரொப்பிடலாம் சார். மேல நாலு இஞ்ச் கான்கிரீட்டு, அதுக்கு மேல டைல்ஸ். ஒரே நாள் வேலை." என் மனைவி ஒரு ரீல் அனுப்பினாள். தரைக்குள் இறக்கிக் கட்டிய பள்ளத்தில் மெத்தைகள் போட்டு, சுற்றி உட்கார்ந்து பேசுகிற இடம். இது புதிதல்ல. அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தின் கொலம்பஸ் ஊரில், 1957-இல் கட்டி முடித்த மில்லர் ஹவுஸில் ஏரோ சாரினன் இப்படி ஒன்றை வைத்தார். பிறகு அது பெரிய ஃபேஷனாகி, மறைந்து, இப்போது இன்ஸ்டாகிராமில் மறுபிறவி எடுத்திருக்கிறது. எங்களிடம் பள்ளம் தயாராகவே இருக்கிறதே, மெத்தை மட்டும் வாங்கினால் போதுமே என்பது அவள் யோசனை. எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. அம்மாவிடம் போனைக் காட்டினேன்.

அம்மா கொஞ்ச நேரம் பார்த்தாள். "முப்பது வருஷம் அந்தக் குழி பக்கத்துலயே உக்காந்திருந்தேன். இப்ப மெத்த போட்டு அதுக்குள்ளயே உக்காரச் சொல்றியா?"

இதைப் புரிந்துகொள்ள கோர்வை என்றால் என்ன என்று தெரியணும். காஞ்சிப் புடவையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். ஊடை இழை கரையில் ஒரு நிறமாகவும் உடலில் இன்னொரு நிறமாகவும் ஓடி, இரண்டும் சேரும் இடத்தில் ஒன்றையொன்று கோத்துக்கொள்ளும். அதற்கு மூன்று நாடா வேண்டும். ஒருவரால் மூன்றையும் ஓட்ட முடியாது. பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளிக் கொடுக்கணும். ஊரில் பல வீடுகளில் அந்த இன்னொருவர் மனைவி, இல்லையென்றால் பிள்ளை. எங்கள் வீட்டில் அம்மா. அடுப்பில் உலை வைத்துவிட்டு வந்து உட்காருவாள். கூலி புடவைக் கணக்கில் வரும். பாஸ்புக்கில் ஒரு பெயர்தான் இருக்கும், அது அவள் பெயர் இல்லை.

ஆகவே 'நீங்களே செய்யலாம்' என்ற வாக்கியத்தை எங்கள் வீட்டில் சொன்னால் உடனே ஒரு கேள்வி வரும்: எந்த நீங்கள்? நம் ஊர்க் கைவேலைகளில் பெரும்பாலானவை ஒற்றை ஆள் வேலையே இல்லை. கழியை ஒருவர் பிடிக்க, இன்னொருவர் கட்ட வேண்டும். விடிகாலையில் தெரு நீளத்துக்குப் பாவு விரித்துக் கஞ்சி போடும்போது அந்தத் தெருவே ஒரு கருவி. கிராமத்து வாழ்க்கையின் அழகை நாம் எடுத்துக்கொள்ளும்போது அந்த இரண்டாவது ஆள் படத்திலிருந்து காணாமல் போய்விடுகிறார். குழியை மூடித் தரையைச் சமமாக்கணும் என்பது அம்மாவின் ஒரே கோரிக்கை. அதை மறுக்க இந்த வீட்டில் யாருக்கும் உரிமை இல்லை என்றுதான் எனக்குத் தோன்றியது. மூடுவது என்று முடிவாகிவிட்டது. எதை வைத்து மூடுவது என்பதுதான் பாக்கி.

அதற்கு நடுவில் மொட்டைமாடி விவகாரம் வந்தது. மாடித் தோட்டம் இன்று தமிழ்நாட்டில் ஒரு நல்ல தொற்று. 2013-14-இல் தோட்டக்கலைத் துறை சென்னையிலும் கோவையிலும் 'நீங்களே செய்து பாருங்கள்' என்று மானிய விலையில் ஒரு பெட்டகம் கொடுக்க ஆரம்பித்தது. பைகள், அழுத்திய தென்னை நார்க்கழிவுக் கட்டி, காய்கறி விதை, உயிர் உரம், கையேடு. அதில் ஒரு புத்திசாலித்தனம் இருக்கிறது: மண்ணுக்குப் பதில் நார்க்கழிவு. காரணம் எடை. ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒரு அடி ஆழத்துக்கு மண்ணைக் கொட்டித் தண்ணீர் விட்டால் அது கிட்டத்தட்ட அரை டன். சாதாரண கான்கிரீட் மாடியில் ஆள் நடமாட்டத்துக்கும் பொருள் வைப்பதற்கும் சேர்த்து இந்தியத் தர விதி கணக்கில் எடுத்துக்கொள்ளச் சொல்வது சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. மூன்று மடங்குக்கு மேல் போய்விடுகிறது. எங்கள் வீட்டின் பின்கட்டு மேலே இருப்பது கான்கிரீட்கூட இல்லை, பழைய மெட்ராஸ் டெரஸ். மரச்சட்டங்கள்மேல் செங்கல்லைக் குத்துக்கல்லாக அடுக்கிச் சுண்ணாம்பில் பிடிக்க வைத்தது. சட்டத்தைக் கறையான் எவ்வளவு தின்றிருக்கிறது என்று மேலிருந்து பார்த்தால் தெரியாது. அங்கே தொட்டி கட்டி மண் நிரப்பினால், முதலில் கீழே இறங்குவது வெண்டைக்காயாக இருக்காது. பைகள் வைப்பதானால்கூட, சட்டம் சுவரில் உட்காரும் ஓரமாக, குறைவாக, இடம்மாற்றும்படி வைக்கணும்.

இதிலிருந்து எனக்கு இரண்டு கேள்விகள் கிடைத்தன. வீட்டில் எதைச் செய்வதானாலும் முதலில் அவற்றைக் கேட்டுக்கொள்கிறேன். இதன் எடை எங்கே போய் இறங்கும்? இதை எப்படிப் பிரிப்பேன்?

சுவருக்கு வெள்ளையடிக்கும் வேலையில் இரண்டாவது கேள்வி நேரடியாக வந்தது. கூடத்துச் சுவரில் குழியின் ஈரம் முழங்கால் உயரத்துக்கு ஏறியிருந்தது. அதன்மேல் பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்தால் ஈரம் வெளியே போக வழியில்லாமல் பெயின்ட் அப்பளம் மாதிரி உப்பும். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும். முறை எளிதுதான். சுண்ணாம்புக் கல்லைத் தண்ணீரில் போட்டுத் தாளிக்கணும்; கொதித்துத் தெறிக்கும், கண்ணாடி போட்டுக்கொள்ளாமல் கிட்டே போகக்கூடாது, குழந்தைகளை விடவே கூடாது. ஒரு ராத்திரி ஊறவிட்டு, துணியில் வடிகட்டி, வஜ்ஜிரம் காய்ச்சிக் கலந்து, ஒரு சிட்டிகை நீலம் போடணும். பால் பதத்துக்கு நீர்க்க இருக்கணும். சுவரை நனைத்துவிட்டு அடிக்கணும். அடிக்கும்போது ஒன்றுமே தெரியாது; சுவர் அழுக்காகத்தான் தெரியும். காயக் காய வெளுக்கும். காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை வாங்கிக்கொண்டு மறுபடி சுண்ணாம்புக் கல்லாகவே மாறுகிற வேலை அது. இரண்டு, மூன்று பூச்சு வேண்டும். சட்டையில் ஒட்டத்தான் செய்யும். அடுத்த பொங்கலுக்கு மறுபடி அடிக்கணும். அந்த 'மறுபடி'யைக் குறை என்றும் சொல்லலாம், ஏற்பாடு என்றும் சொல்லலாம்.

தஞ்சாவூரில் 1892-இல் பிறந்த ஜே.சி. குமரப்பா கணக்குத் தணிக்கையாளராக இருந்து காந்தியிடம் போனவர். கிராமத்தை அழகாகப் பார்க்காமல் கணக்காகப் பார்த்தவர் என்று அவரைச் சொல்லலாம். 1945-இல் வந்த 'எகானமி ஆஃப் பெர்மனன்ஸ்' நூலில், எடுக்க எடுக்கத் தீர்ந்துபோகிற நிலக்கரி, பெட்ரோலியம் போன்றவற்றில் நிற்கும் பொருளாதாரத்தையும், மறுபடி மறுபடி ஊறி வருவதில் நிற்கும் பொருளாதாரத்தையும் அவர் பிரித்துப் பார்க்கிறார். அவர் சொன்ன நிலைத்தன்மை, ஒரு பொருள் அசையாமல் நூறு வருடம் நிற்பது அல்ல. அது எங்கிருந்து வந்ததோ அந்த ஊற்று வற்றாமல் இருப்பது. கயிறு இற்றுப்போகும், தென்னை இருக்கும். கீற்று மாற்றணும், ஆனால் மாற்ற முடியும்.

இனி குழி. மேஸ்திரி சொன்னதை அப்பாவிடம் சொன்னேன். அவர் இந்தப் பேச்சில் அதுவரை வாயே திறக்கவில்லை.

"ரொப்பு. உங்கம்மா சொல்றது சரிதான். ஆனா கான்கிரீட்டு வேணாம். மணலா போடு."

"ஏம்பா, மறுபடி யாராவது நெய்யப் போறாங்களா?"

"யாரும் நெய்யப் போறதில்ல, அது எனக்குத் தெரியும்டா. எனக்கும் உனக்கும் அப்புறம் இந்த வீட்ல யாரு இருப்பான்னு தெரியுமா? அவனுக்கு இங்க என்ன வேணுமோ, தோண்டுறதுக்கு கடப்பாறையோட வரணுமா?"

நான் கல்லூரியில் நாலு வருடம் படித்த பொறியியலில் இவ்வளவு தெளிவான தேவைக் குறிப்பு எனக்குக் கிடைத்ததில்லை.

ஆகவே இப்படிச் செய்தோம். அடியில் முக்கால் அடிக்குக் கருங்கல் ஜல்லி. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் பெரிய இடைவெளி இருப்பதால் மண்ணின் ஈரம் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல அதைத் தாண்டி ஏறாது. ஜல்லிக்குமேல் பழைய கோணிக்குப் பதில் ஒரு துணிவிரிப்பு. கட்டடக் கடையில் மண் வடிகட்ட விற்பது. அதன்மேல் எம்-சாண்ட். பாலாற்றின் கதி தெரிந்த பிறகு ஆற்று மணல் வேண்டும் என்று கேட்க இந்த ஊர்க்காரனுக்கு வாய் வராது. அரையடி போட்டு, தண்ணீர் விட்டு, இடித்து, அது இறங்கிய பிறகு அடுத்த அரையடி. அவசரப்பட்டு ஒரேயடியாகக் கொட்டினால் ஆறு மாதத்தில் தரை குழிந்துவிடும். மூன்று நாள் ஆனது. மணலை நான் அள்ளிப் போட, அப்பா நாற்காலியில் உட்கார்ந்து ரசமட்டம் பார்த்தார். மேலே இரண்டு கடப்பாக் கல், சுற்றியுள்ள தரை மட்டத்துக்கு. இடுக்கில் சிமென்ட் இல்லை, சுண்ணாம்பும் மணலும் கலந்த சாந்து. சுரண்டினால் வந்துவிடும்.

மேஸ்திரிக்கு இதில் வருத்தம்தான். "நிக்காது சார்" என்றார். நிற்கிறதா என்று இந்த மழையில் தெரியும். நிற்கவில்லை என்றால் தூக்கிப் பார்த்துக்கொள்ளலாம், அதற்குத்தானே இவ்வளவும்.

முதல் சோதனை மழைக்கு முன்பே வந்தது. அம்மா வெறுங்காலோடு கல்மேல் ஒரு தடவை இப்படியும் ஒரு தடவை அப்படியும் நடந்தாள். "வாசப்பக்கம் கொஞ்சம் தூக்கலா இருக்கு" என்றாள். ரசமட்டம் வைத்தால் தெரியவில்லை. அவள் காலுக்குத் தெரிந்தது. சாந்தைச் சுரண்டி, கல்லை நானும் என் மனைவியும் தூக்கிப் பிடிக்க, அம்மாவே குனிந்து இரண்டு கை மணலை வழித்து எடுத்தாள். கல்லை மறுபடி வைத்தோம். பத்து நிமிஷ வேலை. கான்கிரீட்டாக இருந்திருந்தால் அந்தத் தூக்கலோடு அவள் மிச்ச வருஷத்தையும் நடந்திருக்க வேண்டும். "இப்ப சரி" என்று சொல்லிவிட்டு, அன்றைக்குச் சாயங்காலமே அதன்மேல் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்தாள்.

தோட்டம் மாடியிலிருந்து கொல்லைக்கு இறங்கியது. அதை முழுசாக அம்மாதான் நடத்துகிறாள். நான் கழி பிடிக்கிற ஆள். ஆடிப்பட்டம் தேடி விதை என்பதால் ஆடியில் அவரை போட்டோம். பந்தலுக்கு நாலு மூலையிலும் சவுக்குக் கழி, ஒன்றரை அடி ஆழத்தில். ஆறடி உயரம், அதற்கு மேலே போனால் காய் பறிக்க ஏணி தேடணும். குறுக்கே மெல்லிய கழிகள், அதன்மேல் ஓரடிக்கு ஓரடி கயிற்று வலை. தேங்காய்நார்க் கயிற்றை நனைத்துக்கொண்டால் கைக்கு இளகும். நான் முதலில் ஒரு முனையில் ஆணி அடிக்கலாமா என்று கேட்டதற்கு அம்மா, "ஆணி அடிச்சா கழி வெடிக்கும். முடிச்சு போடு, முனைய வெளிய விட்டு வை" என்றாள். வெளியே விட்ட முனையைப் பிடித்து இழுத்தால் முடிச்சு அவிழணும். அப்பா தறியில் போட்டிருந்ததும் அதே முடிச்சுதான் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. இரண்டு பேரும் ஒரே குழிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் உட்கார்ந்து கற்றுக்கொண்டதாக இருக்கும்.

பனி விழ ஆரம்பித்ததும் அவரை பூத்துக் கொட்டியது. தை முழுக்க பக்கத்து வீடுகளுக்கும் போனது. கொடி காய்ந்த பிறகு அம்மா பந்தலைப் பார்த்துக்கொண்டே நின்று, "துணி காயப் போடுற எடத்துக்கு நெழல் விழுது. வர ஆடிக்கு ரெண்டடி கெழக்கால தள்ளிக் கட்டணும்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை முனைகளை இழுத்தோம். கயிற்றில் இற்றுப்போனதை எருக்குழியில் போட்டோம், மிச்சத்தைச் சுற்றி உத்தரத்தில் மாட்டினோம். கழிகள் சுவரோரம் சாய்ந்திருக்கின்றன. கொல்லையில் நாலு சின்னக் குழிகள் இருக்கின்றன. அவற்றை இன்னும் மூடவில்லை.